நேர்த்தியில்லாத முடி

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பேலில் முதுகு வரைக்கும் முடி வளர்த்துக்கொண்டு நடக்கிற தமிழனிடம் ஆட்கள் முதலில் கேட்பது, "நேத்தியோ?" என்றுதான். முருகனுக்கோ அம்மனுக்கோ நேர்ந்து வளர்க்கிறேன் என்று சொன்னால் முகம் உடனே கனிந்துவிடும். "ஓ, அப்பிடியே" என்பார்கள். ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டும் இருக்கிறார். எனக்கு விருப்பம், வளர்க்கிறேன் என்று சொன்னால் அதே முகம் வேறுமாதிரிப் போகும். தலையும் அதே தலை, முடியும் அதே முடி. கடவுளின் பெயரைச் சேர்த்துச் சொன்னால் பக்தி. என் பெயரில் மட்டும் இருந்தால் காவாலித்தனம்.

ஊரில் சண்டை முடிந்த 2009 கடைசியில் நான் பாரிஸுக்கு வந்தேன். வரும்போது தலை ஒட்ட வெட்டியிருந்தது. அதுவரை என் தலைமேல் எல்லோருக்கும் உரிமை இருந்தது. பள்ளிக்கூடத்தில் காதுக்குமேல் முடி இறங்கினால் மாஸ்டர் கத்தரிக்கோலோடு வந்து ஒரு பக்கத்தை மட்டும் வெட்டிவிடுவார். மற்றப் பக்கத்தை நாங்களே போய்ச் சரிப்படுத்த வேண்டும். சந்தியில் நின்ற ஆமிக்காரனுக்குக் கட்டையாக வெட்டினாலும் சந்தேகம், வளரவிட்டாலும் சந்தேகம். வீட்டில் அப்பா. பாரிஸுக்கு வெளியே பியர்ஃபித்தில் அக்கா வீட்டில் வந்து சேர்ந்த முதல் மாதங்களில் விசாவுக்காகக் காத்துக்கொண்டு சும்மா இருந்தேன். சலூனுக்குப் போகவில்லை. முடி காதை மூடி, கழுத்தைத் தொட்டது. ஒருநாள் குளித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். பிடித்திருந்தது. இன்றைக்கும் இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

அத்தான் நல்ல மனிதர். வந்த நாளிலிருந்து சோறு போட்டவர். ஆனால் என் தலையைப் பார்த்தால் அவருக்கு நெஞ்சு எரியும்.

"உந்தக் கோலத்தோட ஆர் உனக்கு வேலை தருவான்?" என்றார்.

வேலை கிடைத்தபிறகு, "உந்தக் கோலத்தோட ஆர் உனக்குப் பொம்பிளை தருவான்?" என்றார்.

சாமி அறையில் இருந்த படத்தைக் காட்டி, "அத்தான், அங்கை பாருங்கோ. சிவபெருமானுக்கே சடைதானே" என்றேன்.

"அவர் சிவன். நீ கோப்பை கழுவுறனி" என்றார் அத்தான்.

அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். கோப்பை கழுவுவதும் உண்மைதான். கார் டு நோர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் எனக்குப் பாத்திரம் கழுவும் வேலை. அங்கேதான் என் நண்பனைச் சந்தித்தேன். அவன் காய்கறி வெட்டும் மேசையில் நின்றான். நைஜீரியாவில் இபாடன் என்ற பெரிய நகரத்துக்காரன், யொருபா இனத்தவன். முடி திரிதிரியாகச் சடை முறுக்கி இடுப்பைத் தொடும். எங்கள் ஷெஃபுக்கு முடி விஷயத்தில் ஒரே ஒரு கவலை, அது சூப்பில் விழக்கூடாது. "வலை போடு" என்பார், அத்தோடு சரி. உடுப்பு மாற்றும் அறையில் நாங்கள் இருவரும் கண்ணாடிக்கு முன்னால் நின்று முடியைச் சுருட்டி வலைக்குள் அடைப்போம். மற்றவர்கள் அதற்குள் வேலையைத் தொடங்கியிருப்பார்கள். அப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது.

அவன் பேசியது ஆங்கிலம், இடையிடையே பிரெஞ்சு. என்னுடைய இரண்டும் அரைகுறை. ஆனாலும் அவன் சொன்னவை என் மனத்தில் எங்கள் தமிழாகவே தங்கிவிட்டன. அப்படியே எழுதுகிறேன்.

"உனக்கு ஆரும் ஏசுறேல்லையோ?" என்று கேட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில ஏசுவினம். மற்ற நாளில போனில ஏசுவினம்" என்றான்.

அவன் ஊரில் முடி வளர்த்த ஆணைப் பற்றி எல்லோருக்கும் எல்லாம் தெரியுமாம். கஞ்சாக்காரன், கோஷ்டிக்காரன், இன்டர்நெட்டில் ஏமாற்றிப் பணம் பறிக்கிறவன். ஒன்றும் இல்லையென்றால் பொம்பிளை. அறை வாடகைக்குக் கேட்டுப் போனால் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, முதலில் தலையைப் பார்த்து, அறை போய்விட்டது என்பார். வங்கி வேலைக்கு நேர்முகத்தில் அவன் கொண்டுபோன சான்றிதழ்களை ஒருவரும் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. வழியில் பொலிஸ் மறித்தால், பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரிலும் அவனை மட்டும்தான் இறக்குவார்கள்.

"ஆனா பகிடி என்ன தெரியுமோ?" என்றான். "நான் பிறக்கேக்கையே சடையோட பிறந்தனான்."

சில குழந்தைகளுக்குப் பிறப்பிலேயே முடி சிக்குப்பிடித்துத் திரிதிரியாக வளரும். யொருபாக்காரர் அப்படிப்பட்ட பிள்ளையைத் 'தாதா' என்பார்கள். அந்த முடி கடவுள் கொடுத்து அனுப்பியது. சீப்பு வைக்கக்கூடாது, தாயைத் தவிர ஒருவரும் தொடக்கூடாது. வெட்டுகிற காலம் வந்தால் அயலிலுள்ள பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு அவித்த பயறும் சோறும் போட்டு, சடங்கு செய்து, பிறகுதான் வெட்டுவார்கள். அவனுக்கும் சின்ன வயதில் அப்படி வெட்டினார்களாம்.

"சின்னனில என்ர தலையைப் பார்த்துக் கும்பிடாத குறை. வளர்ந்தாப் பிறகு நானா வளர்த்தன், அதுக்குப் பொலிஸ். எங்கட பழைய கோயில் பூசாரிமார், ஆம்பிளையள், தலை பின்னித்தான் இருந்தவை. இதைச் சொன்னா, அது சாத்தான்ர காலம் எண்டுறார் எங்கட பாஸ்டர்."

நான் அவனுக்கு நேர்த்தியைப் பற்றிச் சொன்னேன். எங்கள் ஆண்கள் எல்லோரும் குடுமி வைத்திருந்த காலம் ஒன்று இருந்ததையும் சொன்னேன். அத்தானின் பதிலைச் சொன்னபோது அவன் சுவரில் சாய்ந்து நின்று சிரித்தான். ஷெஃப் வந்து இருவரையும் ஏசிவிட்டுப் போனார்.

அக்கா எனக்குத் தெரியாமல் ஒரு வேலை செய்து வைத்திருந்தாள். என் முடி முருகனுக்கு நேர்ந்தது என்று லா ஷப்பேல் முழுக்கச் சொல்லியிருந்தாள். ரூ பெர்தொனே தெருவில் நகைக்கடைக்குப் போனாலும், மரக்கறிக் கடைக்குப் போனாலும் அதே கதை. நாட்டுப் பிரச்சினையில் நான் உயிர் தப்பியதற்காக நேர்ந்ததாம். எனக்கு இது தெரியவந்தது, ஒரு சம்பந்தம் பேசிவந்த நாளில்தான்.

பொம்பிளையின் தகப்பன் மரியாதையான மனிதர். பலகாரம் சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்து, என் வேலையைப் பற்றி, விசாவைப் பற்றி எல்லாம் கேட்டார். பிறகு அன்பாகவே கேட்டார்.

"தம்பி, நேத்தி எப்ப முடியுது? கலியாணத்துக்கு முன்னம் இறக்கிப்போடுவியள்தானே?"

அக்கா என்னைப் பார்த்தாள். அத்தான் தரையைப் பார்த்தார். ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லோரும் சந்தோஷமாக எழுந்து போயிருப்பார்கள்.

"நேத்தி ஒண்டுமில்லை ஐயா. எனக்குப் பிடிச்சிருக்கு, வளர்க்கிறன். கலியாணத்துக்குப் பிறகும் வளர்ப்பன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் காலநிலையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போனார். மறுபடி கதைக்கவே இல்லை. அக்கா அன்றிலிருந்து என்னோடு பேச்சை விட்டாள். சோற்றைப் போட்டு மூடி வைப்பாள். எடுத்துச் சாப்பிடு என்று சொல்ல மாட்டாள்.

"உயிர் தப்பினதுக்கு நேத்தி வைக்கிறது பிழையோ?" என்று அத்தான்தான் அவளுக்காகக் கேட்டார்.

"உயிர் தப்பினது நான். அந்த உயிரோட எனக்கு விருப்பமான மாதிரி இருக்கிறன். அதுவும் ஒரு நேத்திதான் எண்டு வையுங்கோவன்" என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை. எனக்குப் பட்டது.

அடுத்த கோடையில் என் நண்பனுக்குப் பெண் கேட்கும் நாள் வந்தது. அவள் பாரிஸில் ஷாத்தோ தோ பக்கத்தில் ஆபிரிக்கச் சலூன் ஒன்றில் முடி பின்னுகிறவள், அவளும் யொருபா. அவன் தலையைச் செய்துகொள்ளப் போன இடத்தில்தான் பழக்கம். தகப்பன் இல்லாதவள், தாயும் ஊரில். புறநகர் ஓல்னே-சூ-புவாவில் இருந்த பெரியப்பாதான் தகப்பன் ஸ்தானத்தில் நின்றார். அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை தன் குடும்பத்தோடு பெண் வீட்டுக்குப் போய், வரிசை வைத்து, பெண்ணின் பெரியவர்கள் முன்னால் விழுந்து வணங்கிப் பெண்ணைக் கேட்க வேண்டும். அவனுக்கு இங்கே குடும்பம் இல்லை.

"நீ என்ர தம்பியா வா" என்றான்.

"என்னைப் பார்த்தா உன்ர தம்பி மாதிரியோ இருக்கு?"

"முடியைப் பார்த்தா இருக்கு" என்றான்.

அவனுடைய நாட்டுக்காரர் சிலர், ஒரு பெண்மணி, நான். இவ்வளவு பேரும்தான் மாப்பிள்ளை வீட்டார். நீல நிறத்தில் அகலமான அங்கியும் அதே துணியில் தைத்த தொப்பியும் எனக்கும் தந்தார்கள். வருமுன்னமே பெரியப்பா சொல்லியனுப்பியிருந்தார்: மாப்பிள்ளை முடி வெட்டிக்கொண்டு வரட்டும். நண்பன் வெட்டவில்லை. அவனுடைய நாட்டுக்காரர் வழி முழுக்கக் கெஞ்சினார்கள், தொப்பிக்குள் அடைத்து வை, இன்றைக்கு ஒருநாள்தானே என்று. அவன் முடியைச் சுருட்டித் தொப்பிக்குள் வைத்தான். ஆனால் சொன்னான்:

"தொப்பி உடுப்போட வாறது, போடுறன். ஒளிக்கிறதுக்குப் போடேல்லை."

வீட்டின் ஹாலில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளி, நடுவில் பாய் விரித்திருந்தார்கள். பெண்கள் தலையில் பெரிய பெரிய துணிக்கட்டுகளோடு இருந்தார்கள். பெரியப்பா நடுவில். பக்கத்தில் அவருடைய மூத்த சகோதரி, ஒரு மெலிந்த கிழவி. பெண் வீட்டுக்காக ஒரு அம்மா பாட்டும் பகிடியுமாகச் சபையை நடத்தினார். நாங்கள் கொண்டுபோன கிழங்குகள், பழங்கள், தேன் போத்தல் எல்லாம் மூலையில் அடுக்கப்பட்டன. எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு அந்த அம்மா, மாப்பிள்ளையும் தோழர்களும் விழுந்து வணங்கட்டும் என்றார்.

அங்கேதான் சிக்கல். விழுந்து வணங்கும்போது தொப்பியோடு விழக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். பெரியவர் முன்னால் தலை திறந்திருக்க வேண்டும். என் நண்பன் ஒரு கணமும் யோசிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தான். முடி அவிழ்ந்து நீல அங்கியின் முதுகெல்லாம் இறங்கியது. அவன் குப்புற விழுந்து நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தான். நானும் தொப்பியைக் கழற்றினேன். என் முடியும் இறங்கியது. எங்கேயோ ஒரு பெண் சிரித்தாள். நான் அவனுக்குப் பக்கத்தில் விழுந்தேன். விழுந்து கும்பிடுவது எனக்குப் பழக்கமில்லாத காரியம் இல்லையே.

பெரியப்பா ஆங்கிலத்தில் பேசினார், எனக்கும் விளங்கவேண்டும் என்றுதான் என்று நினைக்கிறேன்.

"நான் ஒரு மருமகனைத்தான் எதிர்பார்த்தேன். இரண்டு பெண்களைக் கொண்டுவந்து கிடத்தியிருக்கிறார்கள்."

அவன் எழும்பவில்லை. கிடந்தபடியே, "ஐயா, உங்கட காலடியில கிடக்கிறன். இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியாது. என்ர முடியும் என்னோடதான் கிடக்குது" என்றான்.

அப்போது அந்தக் கிழவி முன்னால் குனிந்தாள். அவள் கேட்டது யொருபாவில். எனக்கு மற்றப் பக்கம் விழுந்து கிடந்த அவன் நாட்டுக்காரர் ஒவ்வொன்றாக எனக்கு மெதுவாகச் சொன்னார்: நீ தாதாவாகப் பிறந்தவனோ என்று கேட்கிறா. அவளுக்கு அவனைக் காப்பாற்ற மனம் இருந்தது. ஓம் என்றால் போதும். கடவுள் தந்த முடி என்று அவள் பேசிச் சரிக்கட்டியிருப்பாள். அது பொய்யும் இல்லை.

"ஓம் அம்மா, அப்பிடித்தான் பிறந்தன்" என்றான் நண்பன். "ஆனா அந்த முடியைச் சின்னனில வெட்டிப்போட்டினம். இது நானா வளர்த்தது."

பாயில் முகத்தை வைத்தபடி கிடந்த எனக்கு எழும்பி அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. கிடந்தேன்.

"வெட்டிவிட்டு வரட்டும். என் கதவு திறந்தே இருக்கும்" என்றார் பெரியப்பா. பிறகு பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டார். "நீ என்ன சொல்கிறாய்?"

அவள் உள்ளறை வாசலில் நின்றாள்.

"பெரியப்பா, அந்த முடியை முறுக்கிறது என்ர கை. ஒவ்வொரு மாதமும் நான்தான் இருந்து முறுக்கிறன். அதை வெட்டச் சொல்லி நான் எப்படிச் சொல்லுவன்?"

பெரியப்பா எழுந்து மாடிக்குப் போய்விட்டார். அவரில்லாமல் சபை நடக்காது. கடைசியில் கிழவிதான் கையைத் தட்டி, வந்தவர்களைப் பசியோடு அனுப்ப இது என்ன வீடு என்று சத்தம் போட்டாள். சிவப்புச் சோறும் பொரித்த வாழைப்பழமும் வந்தன. சாப்பிட்டோம். சாப்பாடு மிகவும் நன்றாக இருந்தது. உறைப்பு எங்கள் ஊர் அளவுக்கு.

பெண் கிடைக்காததால் வரிசையையும் திருப்பித் தந்தார்கள். கார் கொண்டுவந்தவர் கோபித்துக்கொண்டு முன்னமே போய்விட்டார். அதனால் நானும் நண்பனும் அந்த அங்கிகளோடே ஆளுக்கு ஒரு மூட்டை கிழங்கைச் சுமந்துகொண்டு ஓல்னேயில் ரயில் ஏறினோம். ஞாயிறு பின்னேரம், பெட்டி நிறைய ஆட்கள். எல்லோரும் பார்த்தார்கள். அவன் தொப்பியை மடித்துக் கிழங்குப் பைக்குள் வைத்தான். முடியைத் தோளுக்கு முன்னால் எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றான். நானும் நின்றேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு அழகாக இருந்த நாள் வேறொன்று இருந்ததாக நினைவில்லை.

என் பங்குக் கிழங்கை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் என் அங்கியைப் பார்த்தாள், கிழங்கைப் பார்த்தாள். பேச்சை விட்டு எத்தனையோ மாதம் கழித்து, "இது என்ன கோலம்?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டாள். "அந்தப் பெட்டை சொன்னது சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிழங்கைத் தோல் சீவத் தொடங்கினாள். தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தாள். என் முடியைப் பற்றிய அபிப்பிராயத்தை மட்டும் மாற்றவில்லை. இன்றைக்கும் போனால், "வெட்டன்டா" என்பாள். நான் மாட்டேன் என்பேன். பிறகு சாப்பிடுவோம்.

அவர்கள் அந்த ஆண்டு முடிவதற்குள் மெரியில், அதாவது நகரசபையில், பதிவுத் திருமணம் செய்தார்கள். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். பெரியப்பா வரவில்லை. கிழவி வந்தாள், தனியாக ரயிலில், பெரிய துணிக்கட்டோடு. மகள் பிறந்து பெயர் வைத்தபோதுதான் பெரியப்பா வந்தார். பிள்ளையை மடியில் வைத்திருந்தார், ஆசீர்வதித்தார். தகப்பனின் தலைப்பக்கம் மட்டும் பார்வையைத் திருப்பவே இல்லை. அது அவருடைய பிடிவாதம். அதற்கும் மரியாதை கொடுத்துவிட்டுப் போகலாம். அவர் பார்க்காததால் முடிக்கு ஒரு குறையும் இல்லை.

எனக்கும் பிறகு கலியாணம் நடந்தது. முதல் சந்திப்பில் அவள் கேட்டது, கிழமையில் எத்தனை நாள் வீட்டில் சமைப்பீர்கள் என்று. முடியைப் பற்றிப் பிறகும் கேட்கவில்லை. அவள் வீட்டார் கேட்டார்கள், அவளே பதில் சொன்னாள்.

சில வருடங்களுக்குப் பிறகு என் நண்பனின் தாய் சுகமில்லாமல் படுத்தா. அவன் இபாடனுக்குப் போக வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் அங்கே முடி வளர்த்த இளைஞர்களைப் பொலிஸ் பிடித்து, போனைப் பறித்துச் சோதிப்பதும் அடிப்பதும் மோசமாகியிருந்தது. வெட்டிவிட்டுப் போ என்று எல்லோரும் சொன்னார்கள். மனைவியே சொன்னாள், கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து அழுதுகொண்டே சொன்னாள். ஒருமுறை நானும் சொன்னேன், பயத்தில் சொன்னேன். அவன் கேட்கவில்லை.

லாகோஸிலிருந்து இபாடனுக்குப் போகும் வழியில் மறித்தார்கள். அவனை மட்டும் இறக்கினார்கள். போனைத் திறக்கச் சொன்னார்கள், இந்த முடி எதற்கு என்று கேட்டார்கள். என்னுடைய முடி என்றிருக்கிறான். கன்னத்தில் ஒரு அடி விழுந்தது. வெயிலில் ரோட்டோரம் முழங்காலில் இருத்தினார்கள். பிரான்ஸ் வதிவிடக் கார்டைப் பார்த்து, உணவகத்தின் உடுப்போடு அவன் நிற்கிற படத்தைப் பார்த்து, உச்சி வெயில் சாயத்தான் விட்டார்கள்.

திரும்பி வந்தபோது கன்னத்தில் ஒன்றும் தெரியவில்லை. உடுப்பு மாற்றும் அறையில் வழக்கம்போல முடியைச் சுருட்டிக்கொண்டு இதெல்லாம் சொன்னான். எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம்.

"வெட்டிப்போட்டுப் போயிருக்கலாமே. திரும்ப வளரும்தானே" என்றேன்.

"வெட்டிப்போட்டுப் போயிருந்தா, அம்மாவைப் பார்க்கப் போனது ஆர்?" என்று கேட்டான்.

அம்மாவும் வெட்டச் சொன்னாவாம். கட்டிலில் படுத்தபடி அந்த முடியைக் கையில் எடுத்து, பிரான்ஸ் சமையல் மணக்குது என்று குறை சொல்லிவிட்டு, வெட்டு என்றாவாம். அவன் அவவுக்கும் மாட்டேன் என்று சொல்லி, கஞ்சி ஊட்டிவிட்டு, சுகமாகும் வரைக்கும் பக்கத்திலேயே இருந்துவிட்டு வந்திருக்கிறான்.

வெளியே ஷெஃப் கூப்பிட்டார். வலையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருவரும் வேலைக்குப் போனோம்.